சிங்கப்பூரில் கம்பெனி: பதிவு ஒரு நாள் வேலை, மற்றவை?

சிங்கப்பூரில் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியைப் பதிவு செய்ய அரசுக்குக் கட்ட வேண்டிய தொகை 315 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). பெயரை ஒதுக்க 15, பதிவுக்கு 300. பெயரில் வில்லங்கம் இல்லையென்றால் பெரும்பாலும் அன்றைக்கே பதிவெண் வந்துவிடும். மூலதனம் 1 வெள்ளி இருந்தால் போதும். பங்குகள் அத்தனையையும் வெளிநாட்டவரே வைத்துக்கொள்ளலாம். "24 மணி நேரத்தில் சிங்கப்பூர் கம்பெனி" என்று விளம்பரம் செய்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு நாளில் கைக்கு வருவது பதிவெண் மட்டும்தான். வங்கிக் கணக்கு, அங்கே தங்கி வேலை பார்க்க பாஸ், வரிச் சலுகை, இந்தியாவிலிருந்து முறையாகப் பணம் அனுப்பும் வழி என்று மீதி நான்கும் தனித்தனியாகத் தேடிப் பெற வேண்டியவை. இந்த நான்கு இடத்திலும் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: கம்பெனியை நடத்துகிறவர் எங்கே இருக்கிறார்?

சென்னையிலோ கோவையிலோ இருந்துகொண்டு சிங்கப்பூரில் கம்பெனி தொடங்குகிறவர்கள் இந்தக் கேள்விக்கு விடை யோசிக்காமலே பணம் கட்டிவிடுகிறார்கள். இடறுவதும் அங்கேதான்.

முதலில் ஆட்கள். சிங்கப்பூர் கம்பெனிச் சட்டப்படி இயக்குநர்களில் ஒருவராவது அந்நாட்டிலேயே வசிப்பவராக இருக்க வேண்டும். குடிமகன், நிரந்தரவாசி, அல்லது வேலை அனுமதியான எம்பிளாய்மென்ட் பாஸ், நிறுவனர்களுக்கான ஆன்ட்ரபாஸ் இவற்றில் ஒன்றை வைத்துக்கொண்டு அங்கே முகவரியோடு வாழ்கிறவர். இந்தியாவில் இருக்கும் நிறுவனர் இந்தக் கணக்கில் வர மாட்டார். ஆகவே தொடக்கத்தில் பெரும்பாலோர் ஒரு நாமினி இயக்குநரை, அதாவது பெயருக்கு மட்டும் இயக்குநராக இருக்கும் உள்ளூர்க்காரரை, கட்டணம் கொடுத்து அமர்த்துகிறார்கள். இதற்கு ஆண்டுக்கு 1,500 முதல் 3,000 வெள்ளி வரை கேட்பது வழக்கம். திரும்பக் கிடைக்கும் வைப்புத்தொகை ஒன்றும் கேட்பார்கள். சிங்பாஸ் என்ற அந்நாட்டு அரசு இணைய அடையாளக் கணக்கு இல்லாத வெளிநாட்டவர் அக்ரா என்று எல்லோரும் அழைக்கும் நிறுவனப் பதிவு ஆணையத்தின் இணையதளத்தில் தானே விண்ணப்பம் போட முடியாது. பதிவு பெற்ற கம்பெனிச் சேவை நிறுவனம் வழியாகத்தான் போக வேண்டும். நாமினியையும் அவர்களே ஏற்பாடு செய்வார்கள்.

இந்த ஏற்பாடு முன்பு போல் கண்டும் காணாததாக இப்போது நடப்பதில்லை. கம்பெனிச் சேவை நிறுவனங்களுக்கான புதிய சட்டம் 2025 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. நாமினியாக ஒருவரை அமர்த்துவதற்கு முன் அவர் அதற்குத் தகுதியானவரா என்று சேவை நிறுவனம் சோதித்தாக வேண்டும். ஒருவர் நாமினி என்ற தகவல் அக்ராவுக்குப் போகும். பொதுமக்கள் பார்க்கும் பதிவிலும் அது தெரியும். ஆக, நாளை உங்களோடு ஒப்பந்தம் போட வரும் வாடிக்கையாளரும் கணக்குத் திறக்கும் வங்கியும் அதைப் பார்ப்பார்கள். 25 விழுக்காட்டுக்கு மேல் பங்கு வைத்திருப்பவர் யார் என்ற பதிவேடும் தனியாக இருக்க வேண்டும்.

நாமினி இடையில் விலகினால் என்ன ஆகும் என்பதையும் ஒப்பந்தத்தில் பாருங்கள். உள்ளூரில் வசிக்கும் கடைசி இயக்குநர், தன் இடத்துக்கு இன்னொருவர் வராமல் சட்டப்படி விலக முடியாது. அவருக்குக் கட்டணம் கொடுக்காமல் இழுத்தடித்தால், விலகவும் முடியாமல் ஒத்துழைக்கவும் மனமில்லாமல் ஒருவர் உங்கள் கம்பெனியில் உட்கார்ந்திருப்பார். அவர் கையெழுத்து தேவைப்படும் காரியம் எதுவும் நகராது.

சட்டப்படியான பதிவேடுகளையும் அறிக்கைகளையும் பார்த்துக்கொள்ளும் கம்பெனி செக்ரட்டரி ஒருவரைப் பதிவான 6 மாதத்துக்குள் நியமிக்க வேண்டும். அவரும் சிங்கப்பூரில் வசிப்பவராக இருக்க வேண்டும். ஒரே இயக்குநர் உள்ள கம்பெனியில் அவரே செக்ரட்டரியாகவும் இருக்க முடியாது. பதிவு அலுவலக முகவரி சிங்கப்பூரில் உள்ள உண்மையான கட்டட முகவரியாக இருக்க வேண்டும். தபால் பெட்டி எண் செல்லாது. பெயரில் வங்கி, நிதி, காப்பீடு போன்ற சொற்கள் இருந்தால் கோப்பு வேறு அரசுத் துறைக்குப் போய்த் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். அரசு முதலீட்டு நிறுவனத்தின் பெயரான தெமாசெக் என்ற சொல்லைப் பெயரில் வைக்கவே விட மாட்டார்கள்.

நிதியாண்டு முடிவு தேதி என்று படிவத்தில் ஒரு கட்டம் இருக்கும். பலர் யோசிக்காமல் டிசம்பர் 31 என்றோ, நம் ஊர்ப் பழக்கத்தில் மார்ச் 31 என்றோ போட்டுவிடுவார்கள். அதில் பணம் இருக்கிறது. சிங்கப்பூரில் கம்பெனி வரி 17 விழுக்காடு. புதிய கம்பெனிகளுக்கு முதல் 3 வரியாண்டுகளில் (கணக்கு முடியும் ஆண்டுக்கு அடுத்த ஆண்டே அதன் வரியாண்டு) முதல் 1 லட்சம் வெள்ளி வருமானத்தில் 75 விழுக்காட்டுக்கும், அடுத்த 1 லட்சத்தில் 50 விழுக்காட்டுக்கும் விலக்கு உண்டு. 2 லட்சம் வெள்ளி லாபம் என்றால் 1,25,000 கழிந்துவிடும். மீதி 75,000 வெள்ளிக்கு 17 விழுக்காடு, அதாவது 12,750 வெள்ளி வரி. சலுகை முடிந்தபின் எல்லோருக்கும் பொதுவான பகுதி விலக்கு மட்டும் கிடைக்கும். அதே லாபத்துக்கு 16,575 வெள்ளி வரும்.

இப்போது தேதியைப் பாருங்கள். ஒரு கம்பெனி 2025 அக்டோபர் 1 அன்று பதிவாகி, டிசம்பர் 31 அன்று கணக்கை முடித்தால், வெறும் 3 மாதக் கணக்குக்கு 2026 வரியாண்டின் சலுகை செலவாகிவிடும். அந்த 3 மாதத்தில் லாபமே இருந்திருக்காது. செப்டம்பர் 30 என்று வைத்திருந்தால் முதல் கணக்கு 12 மாதம் ஓடி 2027 வரியாண்டில் விழும். முதல் கணக்கை 12 மாதத்துக்கு மேல் இழுப்பதும் ஆகாது. அது இரண்டு வரியாண்டுகளாகப் பிரிக்கப்பட்டு அங்கேயும் ஓர் ஆண்டு வீணாகும். பதிவு நாளிலிருந்து 12 மாதத்தை ஒட்டி, அதைத் தாண்டாத மாதக் கடைசி நாளைப் போடுவதே சரி.

இந்தச் சலுகைக்கு இருக்கும் நிபந்தனைகளில் சென்னையிலிருந்து நடத்துகிறவர்களை நேரடியாகத் தொடுவது ஒன்று: கம்பெனி அந்த வரியாண்டில் சிங்கப்பூரின் வரிவாசியாக, அதாவது வரிக் கணக்கில் அந்நாட்டைச் சேர்ந்ததாக, இருக்க வேண்டும். அங்கே பதிவாகிவிட்டால் வரிவாசி ஆகிவிடலாம் என்று நினைப்பது தவறு. கம்பெனியின் கட்டுப்பாடும் நிர்வாகமும் எங்கே நடக்கின்றன, முக்கிய முடிவுகளை இயக்குநர்கள் எந்த ஊரில் உட்கார்ந்து எடுக்கிறார்கள் என்பதைத்தான் அந்நாட்டு வருவாய் ஆணையம் பார்க்கும். சிங்கப்பூரில் இருப்பவர் கையெழுத்துக்கு மட்டும் உள்ள நாமினி, முடிவுகள் எல்லாம் அடையாறில் என்றால் வரிவாசிச் சான்றிதழ் கிடைப்பது கடினம். பங்குதாரர்கள் 20 பேருக்கு மேல் இருக்கக் கூடாது, அவர்களில் தனிநபர் ஒருவராவது குறைந்தது 10 விழுக்காடு வைத்திருக்க வேண்டும், முதலீடுகளை வைத்திருப்பதற்கு மட்டும் உள்ள கம்பெனியாக இருக்கக் கூடாது என்பவை மற்ற நிபந்தனைகள்.

அந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால் வலி இந்தியப் பக்கமும் வரும். 1994-இல் கையெழுத்தான இந்திய-சிங்கப்பூர் இரட்டை வரி ஒப்பந்தத்தில் ராயல்டி, தொழில்நுட்பச் சேவைக் கட்டணம் ஆகியவற்றுக்கு உச்ச வரி 10 விழுக்காடு. இந்தியாவில் உள்ள வாடிக்கையாளர் உங்கள் சிங்கப்பூர் கம்பெனிக்குப் பணம் அனுப்பும்போது இந்த விகிதத்தைக் கேட்க வேண்டுமென்றால் வரிவாசிச் சான்றிதழைக் காட்டியாக வேண்டும். இல்லையென்றால் இந்தியச் சட்டத்தின் விகிதத்திலேயே பிடித்துவிடுவார்கள், அது இருமடங்கு.

வங்கிக் கணக்கு வாரக்கணக்கில் இழுக்கும், சில சமயம் மாதத்தைத் தாண்டும். டிபிஎஸ், ஓசிபிசி, யுஓபி ஆகிய மூன்று வங்கிகளும் கேட்பது ஏறத்தாழ ஒன்றே: உண்மையான உரிமையாளர் யார், மூலதனம் எங்கிருந்து வருகிறது, யாரிடம் வாங்கி யாருக்கு விற்கப் போகிறீர்கள், சிங்கப்பூருக்கும் உங்கள் தொழிலுக்கும் என்ன சம்பந்தம். கடைசிக் கேள்வியில்தான் நிறைய விண்ணப்பங்கள் விழுகின்றன. வாடிக்கையாளர் துபாயில், ஊழியர்கள் மதுரையில், இயக்குநர் நாமினி, மூலதனம் 1 வெள்ளி என்றால் வங்கி அதிகாரி மேலே படிக்க மாட்டார். சிங்கப்பூர் வாடிக்கையாளரோடு போட்ட ஒப்பந்தம், இந்தியாவில் ஏற்கெனவே நடத்தும் தொழிலின் வரிக் கணக்கு, கடந்த 6 மாத வங்கி அறிக்கை, வரப்போகும் 12 மாத வரவு செலவு மதிப்பீடு ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுத்தால் பேச்சு மாறும். ஐந்தாயிரம் பத்தாயிரம் வெள்ளியாவது மூலதனம் போடுவதும் உதவும்.

வைஸ், ஏர்வாலெக்ஸ், ஆஸ்பயர் போன்றவை கணக்கை விரைவாகத் தந்துவிடும். அன்றாட வரவு செலவுக்கு அவை நல்லவையே. ஆனால் அவை வங்கி அல்ல, பணப்பட்டுவாடா நிறுவனங்கள். வங்கி வைப்புக்குக் கிடைக்கும் 1 லட்சம் வெள்ளிக் காப்பீடு அங்கே கிடையாது. இந்தியாவிலிருந்து மூலதனம் அனுப்பும்போது, அப்படிப்பட்ட கணக்கு எண்ணைப் பார்த்து இங்குள்ள வங்கி தயங்குவதும் உண்டு. கேட்டுவிட்டு அனுப்புவது மேல்.

அங்கேயே போய் நடத்த விரும்புகிறவர்களுக்கு இரண்டு வாசல்கள். ஆன்ட்ரபாஸ் என்பது துணிகர முதலீடு பெற்ற, அல்லது புதுமையான தொழில்நுட்பம் கையில் உள்ள நிறுவனர்களுக்கானது. கம்பெனியை ஏற்கெனவே பதிவு செய்திருந்தால், விண்ணப்பிக்கும் நாளில் அதற்கு 6 மாதத்துக்கு மேல் வயதாகியிருக்கக் கூடாது. முன்கூட்டியே பதிவு செய்துவிட்டு நிதானமாக விண்ணப்பிக்கலாம் என்று இருந்தவர்கள் இதிலேயே தகுதி இழந்திருக்கிறார்கள். காப்பிக்கடை, உணவங்காடி, மதுக்கூடம், மசாஜ் நிலையம், வேலைவாய்ப்பு முகவாண்மை போன்ற தொழில்களுக்கு இந்தப் பாஸ் கிடையவே கிடையாது. நம் ஊரிலிருந்து உணவகம் வைக்க நினைத்துப் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய விதி அது.

இரண்டாவது வாசல் எம்பிளாய்மென்ட் பாஸ். உங்கள் கம்பெனியே உங்களை ஊழியராக அமர்த்தி மனிதவள அமைச்சிடம் விண்ணப்பிக்கும். 2025 ஜனவரி முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 5,600 வெள்ளி. வயது ஏற ஏற அதுவும் ஏறும். 45 வயதுக்காரருக்கு 10,700 வரை. நிதித் துறைக்கு இன்னும் கூடுதல். அதற்கு மேல் காம்பஸ் என்ற புள்ளி முறையில் 40 எடுக்க வேண்டும். இங்கே சிறிய கம்பெனிக்கு ஒரு வசதி இருக்கிறது. மேலாளர், நிபுணர் நிலையில் 25 பேருக்குக் குறைவாக உள்ள நிறுவனத்துக்கு, ஊழியர்களின் நாட்டுக் கலவை, உள்ளூர்வாசிகளின் பங்கு என்ற இரண்டு அளவுகோல்களிலும் தலா 10 புள்ளி தானாகவே கிடைத்துவிடும். மீதி 20 புள்ளி சம்பளத்திலும் படிப்பிலும் வர வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட பட்டத்துக்கு 10. உங்கள் துறையில் உள்ளூர் ஊழியர்களை வரிசையில் நிறுத்தினால் 65 விழுக்காட்டினரின் சம்பளத்தையாவது உங்கள் சம்பளம் எட்டியிருந்தால் 10. அந்த எல்லை குறைந்தபட்சச் சம்பளத்தை விடப் பெரும்பாலும் அதிகம். 5,600 போட்டால் போதும் என்று நினைத்து விண்ணப்பிக்கிறவர்கள் 30 புள்ளியில் நின்றுவிடுகிறார்கள். அமைச்சின் இணையதளத்தில் உள்ள சுயமதிப்பீட்டுக் கருவியில் போட்டுப் பார்த்துவிட்டே சம்பளத்தை முடிவு செய்யுங்கள். மனைவி மக்களை அழைத்துப்போக நிலையான மாதச் சம்பளம் 6,000 வெள்ளி வேண்டும்.

சம்பளத்தைக் காகிதத்தில் போடுவது எளிது, மாதாமாதம் கொடுத்தாக வேண்டும். 7,000 வெள்ளி சம்பளம் என்றால் ஆண்டுக்கு 84,000. அவ்வளவு பணம் கம்பெனியில் இருப்பதாகக் காட்ட 1 வெள்ளி மூலதனம் எப்படி உதவும்? வரிசை இப்படி இருந்தால் நல்லது: நாமினியோடு பதிவு, வங்கிக் கணக்கு, மூலதனம், பிறகு பாஸ் விண்ணப்பம். பாஸ் கிடைத்து, அங்கே வீடு எடுத்து, நீங்களே உள்ளூர் இயக்குநர் ஆனதும் நாமினியை விடுவிக்கலாம்.

இனி இந்தியச் சட்டம். வேறு நாட்டில் வாழும் தமிழர்களுக்கு இந்தப் பகுதி பொருந்தாது; இந்தியவாசியாக இருக்கும் தனிநபருக்கே இது. சேவை நிறுவனங்களின் விலைப்பட்டியலில் இது இருக்காது, ஆனால் பெரிய தவறுகள் இங்கேதான் நடக்கின்றன.

2022 ஆகஸ்டில் வந்த வெளிநாட்டு முதலீட்டு விதிகளின்படி, பங்குச் சந்தையில் இல்லாத வெளிநாட்டுக் கம்பெனியில் நீங்கள் தொடக்கப் பங்கு எடுத்தால் அது வெளிநாட்டு நேரடி முதலீடு. தொகை 1 வெள்ளியாக இருந்தாலும் அதுவே சட்டம். ஒரு நிதியாண்டில் தனிநபர் அனுப்ப அனுமதிக்கப்பட்ட 2,50,000 அமெரிக்க டாலருக்குள் அது அடங்க வேண்டும். அனுப்புவதற்கு முன் உங்கள் வங்கி வழியாக, வெளிநாட்டு முதலீட்டைத் தெரிவிக்கும் எஃப்சி படிவம் போட்டு ரிசர்வ் வங்கியின் தனி அடையாள எண் பெற வேண்டும். இந்த வேலை எல்லாக் கிளையிலும் தெரியாது. பக்கத்துத் தெருக் கிளையில் மன்றாடுவதை விட, அந்நியச் செலாவணி பார்க்கும் கிளை எது என்று கேட்டு அங்கே போவது வாரங்களை மிச்சமாக்கும். "ஒரு வெள்ளிதானே, சிங்கப்பூரில் இருக்கும் மச்சான் கட்டிவிடுவார்" என்பது மிகவும் நடக்கிற காரியம். அந்தப் பங்கு எப்படி வந்தது என்பதற்குப் பின்னால் கணக்குக் காட்ட முடியாமல், அடுத்த பெரிய தொகைக்கு வங்கி படிவத்தை ஏற்காமல் நிறுத்திவிடும்.

நிதியாண்டில் அனுப்பும் தொகை 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு வங்கி 20 விழுக்காடு முன்வரி வசூலிக்கும். 25 லட்சம் அனுப்ப வேண்டுமென்றால் கையில் 28 லட்சம் இருக்க வேண்டும். அந்த 3 லட்சத்தை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம், திரும்பப் பெறலாம். ஆனால் அதுவரை முடங்கிக் கிடக்கும்.

விதிகளில் மூன்று தடைகளைப் பதிவுக்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, தனிநபர் தன் வெளிநாட்டுக் கம்பெனிக்குப் பங்கு மூலதனம்தான் கொடுக்கலாம், கடன் கொடுக்கக் கூடாது. சிங்கப்பூரில் இயக்குநர் கடன் என்பது சர்வ சாதாரணம் என்பதால் அங்குள்ள கணக்காளர் இயல்பாக அப்படி எழுதிவிடுவார். இங்கே அது மீறல். இரண்டு, நிதிச் சேவைத் தொழிலில் தனிநபர் இந்த வழியில் முதலீடு செய்ய முடியாது. மூன்று, உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும் அந்தச் சிங்கப்பூர் கம்பெனிக்குத் துணை நிறுவனம் இருக்கக் கூடாது. முதலீட்டாளருக்காக மேலே ஒரு சிங்கப்பூர் கம்பெனி, அதன் கீழே சென்னையில் ஒரு துணைக் கம்பெனி என்று ஸ்டார்ட்அப்புகள் போடும் வரைபடம், நிறுவனர் இந்தியவாசித் தனிநபராக இருந்து மேல் கம்பெனியைக் கட்டுப்படுத்தினால், இந்தத் தடையில் முட்டும். வழக்கறிஞரிடம் கேட்க வேண்டிய நேரம் பதிவுக்கு முந்தைய வாரம். முதலீட்டாளர் ஆவணங்களைத் தோண்டும் வாரத்தில் கேட்டு என்ன பயன்?

ஆண்டறிக்கையில் ஒரு முரண் இருக்கிறது. விற்றுமுதல் 1 கோடி வெள்ளி, சொத்து 1 கோடி வெள்ளி, ஊழியர் 50 என்ற மூன்று வரம்புகளில் இரண்டுக்குள் இருக்கும் சிறு கம்பெனிக்குச் சிங்கப்பூரில் தணிக்கை தேவையில்லை. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31-க்குள் ரிசர்வ் வங்கிக்குப் போக வேண்டிய செயல்பாட்டு அறிக்கை, கம்பெனி உங்கள் கட்டுப்பாட்டில் இருந்தால், தணிக்கை செய்த கணக்கின் அடிப்படையில்தான் இருக்க வேண்டும். 10 விழுக்காடு வாக்குரிமை இருந்தாலே கட்டுப்பாடு என்று விதி சொல்கிறது. சிங்கப்பூர் செலவுக் கணக்கில் தணிக்கைக்குப் பூஜ்யம் போட்டவர்கள் டிசம்பரில் ஆடிட்டரைத் தேடி அலைவது இதனால்தான். வருமான வரிப் படிவத்தின் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையிலும் இந்தப் பங்குகளையும், கையெழுத்து அதிகாரம் உள்ள வங்கிக் கணக்கையும் காட்ட வேண்டும். லாபமே வராவிட்டாலும் காட்ட வேண்டும். விட்டுவிட்டால் கருப்புப் பணச் சட்டத்தின் கீழ் 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்க இடமுண்டு. நிலம், வீடு தவிர்த்த வெளிநாட்டுச் சொத்துகள் மொத்தம் 20 லட்சத்தைத் தாண்டாதவர்களுக்கு 2024 அக்டோபர் முதல் விலக்கு இருக்கிறது.

சிங்கப்பூரில் ஆண்டுக் கடமைகள் எண்ணிக்கையில் குறைவு, தேதியில் கறார். நிதியாண்டு முடிந்து 3 மாதத்துக்குள் உத்தேச வருமானத்தைத் தெரிவிக்க வேண்டும். விற்றுமுதல் 50 லட்சம் வெள்ளிக்குள் இருந்து, வரி விதிக்கத்தக்க வருமானமும் இல்லையென்றால் தேவையில்லை. 6 மாதத்துக்குள் பொதுக்கூட்டம். 7 மாதத்துக்குள் அக்ராவுக்கு ஆண்டு விவர அறிக்கை, கட்டணம் 60 வெள்ளி. தாமதமானால் 300, மூன்று மாதத்தைத் தாண்டினால் 600 வெள்ளி அபராதம். நவம்பர் 30-க்குள் வரிப் படிவம். விற்றுமுதல் 10 லட்சம் வெள்ளியைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு. விகிதம் 9 விழுக்காடு. நாமினி, செக்ரட்டரி, முகவரி, கணக்கு, வரிப் படிவம், இந்தியாவுக்காகச் செய்யும் தணிக்கை எல்லாம் சேர்த்தால் ஒரு சிறு கம்பெனிக்கு ஆண்டுக்கு 5,000 வெள்ளியை ஒட்டியோ அதைத் தாண்டியோ போகும். ஒரு ரூபாய் வியாபாரம் நடக்காத ஆண்டிலும் இது நிற்காது. வாடிக்கையாளரும் இந்தியாவில், ஆட்களும் இந்தியாவில், நீங்களும் இந்தியாவிலேயே இருக்கப் போகிறீர்கள் என்றால் இந்தச் செலவுக்கு ஈடாக எதுவும் கிடைக்காது. அங்கிருந்து இங்கே வரும் பங்காதாயத்துக்குச் சிங்கப்பூர் வரி பிடிக்காது என்பது உண்மை. ஆனால் இந்தியாவில் அது உங்கள் வருமானத்தோடு சேர்ந்து உங்கள் வரி விகிதத்திலேயே கணக்காகும்.

தொழில் ஓடவில்லையென்றால் சும்மா விட்டுவிடக் கூடாது. கடன் பாக்கி, வரி பாக்கி, வழக்கு எதுவும் இல்லாத கம்பெனியைப் பதிவேட்டிலிருந்து நீக்க அக்ராவிடம் விண்ணப்பிக்கலாம். கட்டணம் இல்லை, அரசிதழ் அறிவிப்புகளோடு முடிய மாதக்கணக்கில் ஆகும். வங்கிக் கணக்கை மூடுவதற்கு முன் மீதிப் பணத்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். வர வேண்டிய தொகை வர வேண்டிய நாளிலிருந்து 90 நாளுக்குள் வந்து சேர வேண்டும். வந்த 30 நாளுக்குள் முதலீட்டை விலக்கிக்கொண்டதாக, தொடக்கத்தில் போட்ட அதே எஃப்சி படிவத்தில், அதே வங்கி வழியாகத் தெரிவிக்க வேண்டும். அதுவரை அந்த அடையாள எண் உங்கள் பெயரில் திறந்தே கிடக்கும், டிசம்பர் 31-க்கு அறிக்கையும் கேட்டுக்கொண்டே இருக்கும்.